வெளியே ஏதோ எரியுதும்மா

செப்டம்பர் 9, செவ்வாய்

அடையாறு, டயாலிசிஸ் சென்டர் வாசல். வைதேகி அம்மாவை உள்ளே அனுப்பியாயிற்று. பத்தரை மணி வரை வண்டியில்தான் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் ஃபோனில் படம் பார்க்கிறார்கள். நான் இந்த டைரியோடு உட்கார்ந்திருக்கிறேன். என் பெண்டாட்டி தேவானை சொல்வாள், “பெரிய கலெக்டரு, எழுதிக்கினே கீறாரு” என்று.

காலையில் மந்தைவெளியிலிருந்து வரும்போது பாலத்துக்கு முன்னால் அம்மா கேட்டார்: “தணிகாசலம், ஏதோ பொசுங்கற மாதிரி வாசனை வரதே?”

“வெளியே ஏதோ எரியுதும்மா. குப்பை கொளுத்துறாங்க.”

வெளியே யாரும் எதையும் கொளுத்தவில்லை. “இந்த ஊர்ல இதே ரோதனை” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னால் நம்புவார். இரண்டு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் என் வண்டிதான். ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போனதில்லை.

எனக்கு வாசனை தெரியாது. எழுதிவிட்டேன். கொரோனா வந்தபோது போனது. திரும்பி வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிகிறது, மிச்சமெல்லாம் தவிடு. அப்போது தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜரிடம் மனசு விட்டுச் சொன்னேன். “ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்க, கூப்பிடறோம்” என்றார். நாலு வருடமாகிறது, இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் ஒருத்தனிடமும் சொல்வதில்லை என்று. தேவானையிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா.

செப்டம்பர் 13, சனி

அப்பாடாவாவது ஒன்றாவது. மதியம் தி.நகரிலிருந்து வேளச்சேரிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறினார்கள். சைதாப்பேட்டை தாண்டியதும் அந்த ஆள், “டிரைவர், வண்டில ஏதோ கருகுது” என்றான்.

“முன்னாடி போற லாரி சார்.”

“முன்னாடி லாரி எதுவும் இல்லையேங்க.”

பார்த்தேன். இல்லைதான். ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

நேராக வலியுல்லாவிடம் போனேன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் சந்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். இருபது வருடப் பழக்கம். வண்டியை ஏற்றி அடியில் படுத்தவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். “மச்சி, சைலன்சர்ல கேரி பேக்கு ஒட்டிக்கினு கீது. உருகி அல்வா கணக்கா கீது பாரு. ரோட்டுல கெடந்தத ஏத்திக்கினு வந்துட்ட.”

சுரண்டி எடுத்தான். அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் பைக்காகவா நாலு நாளாகப் பயந்தேன்?

செப்டம்பர் 18, வியாழன்

இன்று அம்மாவுக்கு நல்ல மூடு. ஊசி குத்துகிற இடது கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ரத்தம் அதில் வேகமாக ஓடினால்தான் மெஷினுக்கு எடுக்க முடியுமாம். “மெதுவா விரலை வச்சுப் பாரு” என்றார். வைத்தேன். உள்ளே கிர்ர்ர் என்று ஓடியது.

“தினமும் எழுந்துண்டதும் இதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஓடறதா? சரி, இன்னிக்கு நான் இருக்கேன்” என்று சிரித்தார். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாதாம். வாட்சோ வளையலோ போடமாட்டார். பால் கவரைக்கூட வலது கையில்தான் எடுப்பார். வண்டியில் எப்போதும் பின் சீட்டில் இடது ஓரம். கதவோரமாக அந்தக் கையை மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டுக்கொள்வார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை. கண்ணாடி ஏற்றி, ஏசி ஃபேனை முழுசாக வைத்திருந்தேன். பாலத்தில் அரை மணி நேரம் நெரிசல்.

“அந்த வாசனை மறுபடியும் வரது, தணிகாசலம்.”

“மெட்ரோக்காரங்க வெல்டிங் வைக்கிறாங்கம்மா.”

எப்படி என் வாயில் இவ்வளவு சீக்கிரம் பொய் வருகிறது? யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிடுகிறது.

சென்டர் வாசலில் பானட்டைத் திறந்து, குழாய், ஒயர், ஆயில் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தேன். எலி வராமலிருக்க நான் கட்டித் தொங்கவிட்ட புகையிலைப் பொட்டலம் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கருகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற எதுவும் கருகவில்லை என்று எழுத வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து வலியுல்லா கடை திறக்கிற வரை வாசலில் நின்றேன். சந்துக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் வர்லியே மச்சி. பானட்ட தொறந்தா ஒன் புகையில நாத்தந்தான் தூக்குது. எப்ப வருது? ஏசி போட்டாவா, பிரேக்கு புடிச்சாவா?”

“எப்பவாச்சும்தான்.”

“நாத்தம் எப்பிடி கீது? ரப்பரா, ஆயிலா, ஒயரா? மூணும் மூணு தினுசுபா. நீ ஓட்றவன், ஒனக்குத் தெரியாதா?”

அப்போது சொல்லியிருக்கலாம். சந்தில் வேறு யாரும் இல்லை. “ரப்பர் மாதிரி” என்றேன்.

“அப்ப பெல்ட்டு. வழுக்குது போல.” பெல்ட்டைக் கழற்றினான். பழசுதான், வெடிப்பு விட்டிருந்தது. புதுசு போட்டான். தனக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயைக் குடித்தேன், வெட்கம் கெட்டவன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வாட்டர் சர்வீஸில் எல்லா டிரைவர்களும் வரிசை கட்டி நிற்கிறார்கள், நானும் நின்றேன். என்ஜின், டேஷ்போர்டு இடுக்கு ஒன்று விடாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. வண்டி கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

லீவு நாள். ரோடு காலி. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

வாசனை பற்றி யாரும் எதுவும் சொல்லி இரண்டு வாரமாகிறது. பெல்ட்தான் போலிருக்கிறது. குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டதா? இருந்தாலும் தூக்கம் வருவதில்லை. யாராவது ஒருத்தரை ஏற்றி மூக்கை வாடகைக்கு எடுத்தால்தான் ஆகும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. தேவானையை தி.நகருக்கு அழைத்துப் போனேன். “இன்னா அதிசயம்! வண்டில கூட்டிக்கினு போறியா?” என்று தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பாவி, நான் அழைத்துப் போனது அவள் மூக்குக்காக.

வேண்டுமென்றே ஏசி ஃபேனை முழுசாக வைத்து, கண்ணாடி ஏற்றி, சுற்று வழியில் போனேன். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. நந்தனம் சிக்னலில் திரும்பிப் பார்த்தாள். “இன்னாய்யா, இஸ்திரி பொட்டி ஒயரு கருகற மாதிரி நாத்தம் அடிக்குது?”

“எங்கேர்ந்து வருது?”

“இதோ, இந்த காத்து வர்ற ஓட்டையிலேர்ந்துதான். ஏன், ஒனக்கு வர்ல?”

“லேசா வருது.”

என்னையே பார்த்தாள். ஃபேனை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப வருதா?” என்று கேட்டாள். நான் “வருது” என்றேன். அவள் கூந்தலிலிருந்து பூவை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். “இது இன்னா பூவு? ரோட்ட பாத்துக்கினே சொல்லு.”

“மல்லி.”

“கனகாம்பரம்யா. இதுக்கு வாசனையே கெடையாது.”

வண்டியை ஓரம் கட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று தெரியும், ஆனால் எதற்காகக் கோபப்படுவாள் என்று தெரியவில்லை. வண்டி ஒயர் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நாலு வருசமா தட்டுல சோத்த போட்டுட்டு ஒம்மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன். சூப்பர் சூப்பர்னு சொன்னியே. அதெல்லாம் பொய்யா? அந்த மீன் கொயம்பு? ஒங்கம்மா செய்ற மாதிரியே கீதுன்னியே, அதுகூடமா?”

அழுதாள். ரங்கநாதன் தெருவுக்குப் போகிற ஜனமெல்லாம் எங்கள் வண்டியைத் தாண்டித்தான் போயிற்று.

வரும்போது சொன்னாள்: “நாளிக்கு பாய் கடை லீவு. செவ்வாக்கெயம அந்தம்மாவ ஆட்டோல போவச் சொல்லு. நீ காலைலயே பாய்கிட்ட போய் மெய்யாலுமே இன்னா கீதுன்னு சொல்லு. எனக்குத் தெரியாது, பொண்டாட்டிதான் மோந்து பாத்தான்னு சொல்லு.”

சரி என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தேவானை பேசவில்லை. அம்மாவுக்கு ஃபோன் செய்து ஆட்டோ வைத்துக்கொள்ளச் சொல்ல மூன்று தடவை எடுத்தேன். ஏன் என்று கேட்பார். என்ன சொல்வது? நாளை ஒரே ஒரு டிரிப். காலையில் கொண்டுபோய் விட்டு, பத்தரைக்குத் திரும்ப விட்டு, நேராக வலியுல்லா கடை. ஒரே ஒரு டிரிப்தான்.

அக்டோபர் 22, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று எழுத முடியவில்லை.

காலையில் போகும்போது ஃபேனை ஒன்றில்தான் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது கொட்டுகிற மழை. டயாலிசிஸ் முடிந்தால் அம்மா துவண்டுபோய்விடுவார். கையில் கட்டு. கண்ணாடியெல்லாம் புகைமூட்டமாக இருக்கவே, “சித்த காத்தை அதிகம் பண்ணேன், மூச்சு முட்டறது” என்றார். ஃபேனை முழுசாக வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன்.

பாலம் ஏறும் முன்னால் நெரிசல். அம்மா, “தணிகாசலம், ரொம்ப வாசனை வரதுடா” என்றார். அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டதில்லை.

“நேத்து பட்டாசும்மா. ஊரே நாறுது.”

ஐயோ. அதைத்தான் சொன்னேன். தேவானை அந்த ஓட்டையைக் கை நீட்டிக் காட்டிய பிறகும் அதைத்தான் சொன்னேன். வண்டியை அங்கேயே நிறுத்தி அவரை இறக்கியிருந்தால் மழையில் நனைந்திருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

இரண்டு நிமிடம்கூட இல்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. கறுப்பாக, ஒரே மூச்சில். கண்ணாடியை இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. சாவியைத் திருகி அணைத்தேன். என் கதவைத் திறந்து குதித்து, சுற்றி ஓடி, இடது பின் கதவை இழுத்தால் வரவில்லை. லாக் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி முன்னால் ஓடி, புகைக்குள் உடம்பை நீட்டி, பின் கதவு லாக்கைக் கையால் தூக்கினேன். அம்மா இருமிக்கொண்டே, “கதவைத் திறடா, கதவைத் திறடா” என்றார். முன் சீட்டுக்குக் கீழே நெருப்பு தெரிந்தது.

கதவைத் திறந்ததும் கைக்குக் கிடைத்த கையைப் பிடித்து இழுத்தேன். கதவோரம் இருந்தது இடது கை.

அவர் கத்தியது காதிலேயே இருக்கிறது. நெருப்புக்குக் கத்தவில்லை, கைக்குக் கத்தினார். கட்டு பிய்ந்து ரத்தம் பீறிட்டது. என் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன், நின்றால் போதும் என்று எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. ஒரு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். வழியெல்லாம் துண்டை நான் விடவில்லை. நாங்கள் போன பிறகு பெட்ரோல் பங்க்கிலிருந்து நெருப்பணைக்கிற சிலிண்டர் கொண்டுவந்து வண்டியை யாரோ அணைத்தார்களாம்.

நர்ஸ் துண்டை அவிழ்த்து, அந்த இடத்தில் விரலை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ஓடவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வண்டியை இழுத்துக்கொண்டு வலியுல்லா கடைக்குப் போனோம். டேஷ்போர்டைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தான். “எலி மச்சி. பாதி ஒயர கடிச்சுட்டு போய்ட்ச்சு. பத்து நூலு இருக்கற எடத்துல மூணு நூலு. ஃபேன கம்மியா வெச்சா தாங்கும். ஃபுல்லா வெச்சா அந்த மூணு நூலும் பழுக்கும். பக்கத்துல பஞ்சு அட்ட வேற. நீ தண்ணி பீச்சுனதுல பிஞ்ச எடமெல்லாம் பச்சையா களிம்பு பூத்துப் போய் கீது. லாக்கு ஒயரும் அதே கட்டுலதான் போவுது.” பிறகு என்னைப் பார்த்தான். “ஒயரு கருகற நாத்தம் ரப்பர் மாதிரியா இருக்கும்? நீ ஏன் ரப்பருன்ன?”

சொன்னேன்.

கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சில் வீசினான். “தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒரு மண்நேரம் ஃபேன போட்டுக்கினு ஒன்னாண்ட ஒக்காந்திருப்பேனே! பெல்ட்ட மாத்திட்டு பெரிய மெக்கானிக்கு கணக்கா டீ வேற வாங்கிக் குடுத்தேனே!” அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “போடா” என்றான்.

நவம்பர் 1, சனி

இடது கையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம், நான் இறுக்கிய இறுக்கு. அம்மாவுக்குக் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் இனி டயாலிசிஸ். வேறு கையில் புதிதாகச் செய்து, அது தேறுவதற்கு மாதக் கணக்காகுமாம். அதுவரை குழாய் நனையக் கூடாது, கிருமி ஏறிவிடக் கூடாது.

பார்க்கப் போனேன். வந்திருந்தவர்களிடமெல்லாம், “இவன்தான். இவன் இல்லேன்னா அன்னிக்கே நான் பஸ்பம். உள்ள கையை விட்டு இழுத்துண்டு வந்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாமி என்னைக் கும்பிட்டார். ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

வண்டி தயார். ஒயர் கட்டு முழுவதும் புதுசு. தகரக் குழாய்க்குள் விட்டு, எலி நுழைகிற ஓட்டையெல்லாம் கம்பி வலை வைத்து அடைத்துவிட்டான். புகையிலைப் பொட்டலத்தைப் பிய்த்துக் குப்பையில் போட்டான். கால் மாட்டில் நெருப்பணைக்கிற சிலிண்டர் ஒன்று மாட்டினான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஃபேனை முழுசாக வைத்து, கண்ணாடி ஏற்றி, மெரினா வரை இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னான். ஒரு வார்த்தை பேசாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். இறங்கும்போது, “ஒண்ணும் இல்ல” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டிலும் அதுதான். தேவானை சோறு போடுகிறாள். நல்லாருக்கா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 8, சனி

இன்று அம்மாவிடம் சொன்னேன். மந்தைவெளி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். உதவிக்கு இருக்கிற பெண் கடைக்குப் போயிருந்தாள். வண்டி சரியாகிவிட்டது என்றேன். “அப்போ செவ்வாக்கிழமைலேர்ந்து வந்துடு. எனக்கு வேற வண்டி பழக்கப்படலை” என்றார்.

“அம்மா, எனக்கு வாசனை தெரியாதும்மா. நாலு வருஷமா. நீங்க கேட்டப்பல்லாம் நான் சொன்னது பொய்.”

மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“எத்தனை தடவை கேட்டேன்?”

“மூணு தடவைம்மா.”

“நாலு. ஆயுத பூஜைக்கு மறுநாளும் கேட்டேன். பூஜைக்கு ஏத்தின கற்பூரம்னு சொன்னே.”

எனக்கு ஞாபகமே இல்லை. இதை எழுதும்போது அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

“என் மூக்குக்கு ஒண்ணும் இல்லை, தணிகாசலம். நன்னாத்தான் இருக்கு. நீ சொல்றயேன்னு நான் என் மூக்கை நம்பலை.”

கழுத்துக் குழாயைச் சுற்றியிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டார். “சரி, நாழியாறது. கிளம்பு.”

செவ்வாய்க்கிழமை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஐந்தரைக்கு வாசலில் போய் நின்றேன். ஆறு மணிக்கு ஒரு ஆட்டோ வந்தது. அதில் ஏறிப் போனார். என் வண்டியைப் பார்த்தார்.

நவம்பர் 20, வியாழன்

மந்தைவெளி வீட்டு வாட்ச்மேன் சொன்னான், அம்மாவுக்குக் குளிர் ஜுரமாம். குழாயில் கிருமி ஏறிவிட்டதாம். ஐ.சி.யூ.

நவம்பர் 22, சனி

உள்ளே விடவில்லை. கீழே படியில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

அம்மா போய்விட்டார்.

காலை ஆறு மணிக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் சாய்சரணே ஃபோன் செய்தார். “அம்மா போயிட்டா. நீங்க அவசியம் வரணும். மேற்கு மாம்பலத்திலேர்ந்து காரியம் பண்ணி வைக்கிற வாத்தியாரை நீங்கதான் அழைச்சுண்டு வரணும்.” செவ்வாய்க்கிழமை ஆறு மணி. என் வண்டி அந்த நேரத்துக்கு மந்தைவெளியில்தான் நின்றிருக்கும்.

போனேன். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். சாய்சரண் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்களிடம், “இவர்தான் அன்னிக்கு அம்மாவை நெருப்புலேர்ந்து இழுத்துண்டு வந்தவர். போன வாரம்கூட அம்மா ஃபோன்ல சொன்னா, தணிகாசலத்தை மறக்காதேன்னு” என்றார்.

போன வாரமா? எட்டாம் தேதிக்கு அப்புறமா? நான் சொன்ன பிறகும் அம்மா மகனிடம் சொல்லவில்லை. எதற்கு மறைத்தார்? எனக்காகவா, இல்லை இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்றா? தெரியாது. இனிமேல் யாரிடம் கேட்பது?

பேசாமல் இருந்திருக்கலாம். வாத்தியாரை அழைத்து வந்து விட்டுவிட்டு, நல்லவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், அதை இங்கே மறைக்கவில்லை. அந்தப் பெட்டிப் பக்கம் பார்த்தேன். வாய் திறந்துவிட்டது.

“சார், எனக்கு வாசனை தெரியாது. அம்மா நாலு தடவை கேட்டாங்க, கருகுதுன்னு. நான் நாலு தடவையும் பொய் சொன்னேன். கையைப் பிடிச்சு இழுத்ததும் நான்தான். அம்மாகிட்ட சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லணும்.”

சாய்சரண் பிடித்திருந்த கையை விட்டார். உதறவில்லை, மெதுவாகத்தான் விட்டார். “அம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே” என்றார், என்னிடமில்லை, அந்தப் பெட்டியிடம்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வாத்தியாரை நாங்க வேற வண்டில அழைச்சுக்கறோம்.”

எதிர்சாரியில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைக் கொண்டுபோகும்வரை இருந்தேன். பிறகு அழுதேன்.

நவம்பர் 30, ஞாயிறு

தேவானை கேட்டாள், “இனிமே இன்னா பண்ணப் போற?” வண்டியை விற்றுவிடவா என்றேன். “வித்துட்டு? வேற எவன் வண்டியாச்சும் ஓட்டுவ, அதுலயும் மூக்கு இருக்காதே. வாய் கீதில்ல? ஏர்றவங்ககிட்ட சொல்லிட்டு ஓட்டு.”

டிசம்பர் 13, சனி

காலையில் தேனாம்பேட்டையில் ஒருவர் ஏறினார், கையில் குழந்தை. சாவியைத் திருகும் முன்னால் சொன்னேன்: “சார், எனக்கு வாசனை தெரியாது. வண்டில எது கருகற மாதிரி இருந்தாலும் உடனே சொல்லுங்க, நிறுத்திடுவேன்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். இந்த வாரத்தில் இவர் ஐந்தாவது ஆள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

மதியம் மழை. தி.நகரிலிருந்து வேளச்சேரிக்கு ஒரு பெண், இருபத்தைந்து வயசிருக்கும், காதில் ஃபோன். அவளிடமும் சொன்னேன். “சரிண்ணா, சரிண்ணா, போங்க” என்றாள், காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கிண்டி தாண்டியதும் ஃபோனைக் கீழே இறக்கினாள். “அண்ணா, ஏதோ வாசனை வர்ற மாதிரி…”

இடது பக்கம் ஒடித்து நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். இறங்கி ஓடிப் பின் கதவைத் திறந்து, “இறங்கும்மா, இறங்கு” என்றேன். கை கொடுக்கவில்லை, கதவை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பயந்துபோய் இறங்கி, ஒரு ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். பானட்டைத் திறந்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். சூடு இல்லை. புகை இல்லை. சக்கரம் நாலையும் தொட்டுப் பார்த்தேன். மழை முதுகில் கொட்டியது.

“அண்ணா, இப்ப வரல. நான்தான் தப்பா சொல்லிட்டேன் போல, ஸாரி.”

“தப்பா இருந்தாலும் சொல்லும்மா. எத்தனை தடவ வேணா சொல்லு.”

பத்து நிமிடம் பார்ப்போம் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சலித்துக்கொண்டாள். அவள் வேறு வண்டி கூப்பிடவில்லை. பத்து நிமிடம் கழித்து அவளே வந்து, பின் சீட்டில் தலையை விட்டு ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தாள்.